நீந்துவதற்கான கடல்கன்னி வால்: எதைத் தைக்கலாம், எதை வாங்கலாம்?

"பெண் கடல்கன்னி வால் கேட்கிறாள். போட்டோவுக்கு இல்லையாம், போட்டுக்கொண்டு நீந்த வேண்டுமாம். ரெடிமேடாக வாங்கிவிடலாமா, வீட்டிலேயே தைக்கலாமா? தைத்தால் எந்தத் துணி?" இப்படிக் கேட்பவர்களில் பலர், அதற்குள் பளபளவென்று ஒரு துணியை வாங்கி வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். துணியிலிருந்து தொடங்குவதுதான் சிக்கலே.

வாலில் இரண்டு பாகம். வெளியே தெரியும் துணி உறை ஒன்று. உள்ளே இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளும் ஒற்றைத் துடுப்பு இன்னொன்று. இதை மோனோஃபின் என்பார்கள். என் கட்சி இதுதான்: உறையைத் தைத்துக்கொள்ளுங்கள், துடுப்பை வாங்கிவிடுங்கள். உறையில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம். அளவு சரியில்லை என்றால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். துடுப்பில் மிச்சம் பிடித்தால் அது கணுக்கால் வலியாக வந்து நிற்கும். விதிவிலக்குகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

சிலிகான் வாலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பெரியவர் அளவில் அது 10 முதல் 20 கிலோ வரை எடை இருக்கும், விலை ஆயிரக்கணக்கான டாலரில் போகும், மாட்டிவிடக்கூட ஆள் வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீக்கி வாச்சி ஊற்றில் 1947 முதல் கடல்கன்னிக் காட்சி நடக்கிறது. அங்கே நீந்துபவர்கள் போட்டுக்கொள்வதே துணி வால்தான். தொழிலாக நீந்துபவர்களுக்கே துணி போதும் என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்குத் தாராளமாகப் போதும்.

## எதை வைத்து எடைபோடுவது

கழற்றும் வேகம். இதுதான் முதல் அளவுகோல், அழகு கடைசியில்தான். வால் போட்டதும் இரண்டு காலும் ஒரே காலாகிவிடுகிறது. தவளை உதை உதைக்க முடியாது, தரையில் ஊன்றி நிற்பதும் சிரமம். மூக்கில் தண்ணீர் ஏறி இருமுகிற பிள்ளை, யார் உதவியும் இல்லாமல் இடுப்பை ஒரே தள்ளில் இறக்கிக் காலை உருவ வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்கும் நாடா, முடிச்சு, கொக்கி எதுவானாலும் வேண்டாம்.

நனைந்த பிறகு எப்படி இருக்கிறது. கடையில் தொட்டுப் பார்க்கும் துணி வேறு, இருபது நிமிடம் குளத்தில் ஊறிய துணி வேறு. நனைந்தால் கனக்கிறதா, தொங்குகிறதா, ஒட்டிக்கொண்டு கழற்ற வராமல் அடம்பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

துடுப்பின் வளைவு. மிகவும் மெத்தென்று இருந்தால் தண்ணீரைத் தள்ளாது. மிகவும் விறைப்பாக இருந்தால் பிள்ளையின் கணுக்கால்தான் வளையும்.

குளோரின். லைக்ரா என்று நாம் சொல்லும் ஸ்பான்டெக்ஸ் இழையைக் குளோரின் மெல்ல மெல்ல அரிக்கும். எந்தத் துணியிலும் இது நடக்கும். எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாத செலவு. ஊசி, நூல், எலாஸ்டிக், தையல் கூலி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும், அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்ததும் மறுபடி எல்லாம்.

குளத்தில் விடுவார்களா. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல பொதுக் குளங்களில் கடல்கன்னி வாலுக்குத் தடை உண்டு. சில இடங்களில் பயிற்சி வகுப்புக்கு மட்டும் அனுமதிக்கிறார்கள். நம்மூரில் பெரும்பாலும் தனி விதி எழுதியிருக்காது, பொறுப்பாளர் சொல்வதுதான் விதி. பருத்தி உடையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதில் மட்டும் பல இடங்களில் கறாராக இருக்கிறார்கள். துணிக்கடைக்குப் போகும் முன் குளத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

## துணி: எது எப்படி

### நைலான்-லைக்ரா

நீச்சலுடைக்கு வழக்கமான துணி இதுதான். சுமார் 80 சதவீதம் நைலான், மீதி ஸ்பான்டெக்ஸ். மெத்தென்று இருக்கும், உடம்போடு ஒட்டி நிற்கும், நனைந்தாலும் எளிதாக இறங்கும். கடையில் "ஃபோர்-வே லைக்ரா" என்று கேளுங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுபட வேண்டும். ஒரு சோதனை: 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு விரலால் பிடித்து 15 வரை இழுத்து, சிறிது நேரம் வைத்திருந்து விடுங்கள். திரும்ப 10-க்கு வந்தால் வாங்கலாம். பத்தரையில் நின்றால் அது நடன உடைக்குத்தான் ஆகும், நீச்சலுக்கு ஆகாது.

குறை என்னவென்றால், குளோரினில் நிறம் வெளுப்பது பாலியஸ்டரைவிடச் சீக்கிரம். கரும்பச்சையும் அடர்நீலமும் வாங்கியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வாரம் ஒருமுறை நீந்துகிற பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நிறம் போவதற்குள் அளவு போதாமல் போய்விடும்.

### பாலியஸ்டர்-லைக்ரா

பாலியஸ்டர் தன் எடையில் 0.4 சதவீதம் அளவு ஈரத்தைத்தான் காற்றிலிருந்து உறிஞ்சும். நைலான் சுமார் 4 சதவீதம், பருத்தி சுமார் 8. இந்த வரிசையே இம்மூன்றும் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதையும் சொல்லிவிடுகிறது. குளோரினுக்கும் வெயிலுக்கும் பாலியஸ்டரே அதிகம் தாங்கும். செதில் செதிலாக அச்சிட்ட கடல்கன்னித் துணிகள் அனேகமாக இந்த வகைதான், ஏனென்றால் சூட்டில் சாயத்தை ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு பாலியஸ்டரில்தான் நன்றாகப் பிடிக்கும்.

இந்த அச்சில் ஒரு சங்கதி இருக்கிறது. நிறம் துணியின் மேல்பக்கத்தில் மட்டும் இருக்கும், உள்ளே வெள்ளை. தொடையிலும் இடுப்பிலும் துணி இழுபடும்போது செதில்களுக்கு இடையே வெள்ளை பளிச்சிடும். வாங்கும் முன் முழங்கை மேல் போர்த்தி இழுத்துப் பாருங்கள். வெளுத்துத் தெரிந்தால் ஒன்று வேறு துணி எடுங்கள், அல்லது உறையைச் சற்றுத் தாராளமாக வெட்டுங்கள்.

இந்த இரண்டில் எது என்று கேட்டால், கடலிலோ வாரம் பல நாள் குளத்திலோ நீந்துபவருக்குப் பாலியஸ்டர், மற்றவர்களுக்கு நைலான். ஆனால் ஊரில் எது நல்ல இழுவையோடு கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டால் குடி முழுகிவிடாது.

### பனியன் துணி, லெகிங்ஸ் துணி

பருத்தியில் கொஞ்சம் லைக்ரா கலந்தது. மலிவு, எங்கும் கிடைக்கும், தைக்கவும் எளிது. நீந்த வேண்டாம். தண்ணீரைக் குடித்துக் கனத்து, முழங்காலில் பை விட்டுத் தொங்கும். இடுப்பும் தானாக இறங்கும். ஆனால் ஒத்திகை உறை தைக்க இதைவிடத் தோதான துணி கிடையாது. பழைய லெகிங்ஸ் இரண்டைப் பிரித்து ஒட்டுப்போட்டால்கூடப் போதும். அளவு சரிபார்த்த பிறகு நல்ல துணியில் கத்தரி வையுங்கள்.

### சீக்வின், சாட்டின், நெட்

போட்டோவில் இதற்கு நிகர் இல்லை. தண்ணீரில், சீக்வின் உரசித் தோலைச் சிராய்க்கும், ஒவ்வொன்றாக உதிர்ந்து குளத்து வடிகட்டியில் போய்ச் சேரும். குளத்துப் பொறுப்பாளர் அடுத்த முறை கேட்டிலேயே நிறுத்துவார். சாட்டின் இழுபடாது. இழுபடாத எதுவும் முழங்காலை மடக்க விடாது.

### நியோப்ரீன்

டைவிங் உடைக்கான ரப்பர்த் துணி. குளிர்ந்த கடலுக்கு நல்லது. நம் வெப்பத்துக்குத் தேவையே இல்லை. அதோடு அது மிதக்கும். கால் பக்கம் மிதந்து மேலே வந்தால் தலை பக்கம் கீழே போகும், நீச்சல் தெரிந்த பெரியவரையே இது தடுமாற வைக்கும். பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

### நிறம் பற்றி ஒரு வார்த்தை

எல்லோரும் நீலம், கடல்பச்சை கேட்கிறார்கள். நீல ஓடு பதித்த குளத்தில், தண்ணீருக்கு அடியில் நீல வால் கரையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, அடர் ரோஜா, எலுமிச்சை மஞ்சள் எடுங்கள். பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், இடுப்புப் பட்டியிலும் வால் நுனியிலும் மட்டும் ஆரஞ்சு வைத்துச் சமாதானம் பேசலாம்.

## துடுப்பு: எது எப்படி

### துடுப்பே இல்லாமல்

துணியை மட்டும் வால் வடிவத்தில் தைத்து, நுனியில் ஒன்றும் வைக்காமல் விடுவது. செலவு குறைவுதான். ஆனால் கால் கட்டப்பட்டுவிடுகிறது, அதற்கு ஈடாகத் தள்ளு விசை எதுவும் கிடைப்பதில்லை. நனைந்த நுனி காலைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்தால் நிமிர்ந்து நிற்கும் என்று ஒரு யோசனை உண்டு. அது மிதக்கும், நியோப்ரீனுக்குச் சொன்ன அதே தொல்லை.

இதில் உருப்படியான ஒரு வகை உண்டு: அடி திறந்த வால். பாவாடை மாதிரி கீழே திறந்திருக்கும், பாதம் வெளியே வரும், வால் நுனி முன்பக்கம் அலங்காரமாகத் தொங்கும். கால் விரித்து நிற்கலாம், நடக்கலாம். இன்னும் நீச்சல் கற்றுக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து விளையாட இதுதான் சரி.

### ஒரு ஜோடி ஃபிளிப்பர்

வீட்டில் நீச்சல் ஃபிளிப்பர் (ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக மாட்டும் துடுப்பு) இருந்தால் அதையே வால் நுனிக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விடலாம். பாதத்துக்குப் பழகிய அளவு, தேய்க்காது, புதுச் செலவும் இல்லை. ஒவ்வொன்றும் தன்போக்கில் ஆடும் என்பதால் வால் நுனி நடுவில் மடிந்து அழகு கெடும், விசையும் சிதறும். இருந்தாலும், பிள்ளைக்கு இந்த ஆசை ஒரு மாதத்துக்கு மேல் நிற்குமா என்று சந்தேகம் இருந்தால் இப்படித் தொடங்குவது புத்திசாலித்தனம். குட்டை ஃபிளிப்பர் எடுங்கள். நீளமானது துணியைக் கிழிக்கும்.

### தகடு வெட்டிச் செய்வது

இணையத்தில் காணும் வீடியோக்களில் பாதி இதைத்தான் காட்டும். ஒரு பிளாஸ்டிக் தகட்டை வால் வடிவத்தில் வெட்டி, பழைய ஃபிளிப்பரின் பாதக்கூட்டை அதில் போல்ட் போட்டு முடுக்குவது. பார்க்கச் சுலபமாக இருக்கும். செய்யும்போதுதான் ஒவ்வொன்றாக வரும்.

முதலில் தகடு. அக்ரிலிக் கூடவே கூடாது. உடைந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி கூராக உடையும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் ஹார்டுவேர் கடையில் பாலிகார்பனேட் என்று கேட்டால் கூரைக்குப் போடும் பொந்துத் தகட்டை எடுத்துப் போடுவார்கள். அதன் பொந்துகளில் காற்று நிற்கும், மடிப்பில் நசுங்கும். கேட்க வேண்டியது திடமான, ஒற்றை அடுக்குத் தகடு.

அடுத்து கனம். தகட்டின் விறைப்பு, கனத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதாவது 2 மில்லிமீட்டர் தகட்டைவிட 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றரை மடங்கு விறைப்பு இல்லை, கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. "கொஞ்சம் கனமாக இருக்கட்டும், உறுதியாக இருக்கும்" என்று 3 மில்லிமீட்டர் வாங்கினால், பிள்ளையால் அதை வளைக்க முடியாது. வாங்கிய துடுப்புகளில் பாதத்தருகே கனமாகவும் நுனிக்குப் போகப் போக மெலிதாகவும் வார்த்திருப்பார்கள், அதனால் அலை மாதிரி வளையும். ஒரே கனமுள்ள தகட்டில் அந்த வளைவை வரவழைப்பது லேசில்லை.

பிறகு விளிம்பு. உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, மேலே டேப் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் துணியைக் கத்தி போல் அறுக்கும். பக்கத்தில் நீந்துபவர் காலையும்தான். போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், தலை பாதத்தில் படாமல் பதிந்திருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: பாலிகார்பனேட் தண்ணீரில் மூழ்கும், அடர்த்தி 1.2. பாலிபுரோப்பிலீன் 0.9, அது மிதக்கும். ஆழத்தில் கழன்ற துடுப்பை எடுக்கப் பிள்ளை மறுபடி முங்கப் போகிறதா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தகடு, டேப், போல்ட், பலியாகும் ஃபிளிப்பர் எல்லாம் கூட்டிப் பார்த்தால் பிள்ளைகளுக்கான சாதாரண மோனோஃபின் விலைக்கு அருகில் போய்விடலாம். கைவேலையில் ஆர்வம் உள்ள, சொந்தக் காலில் சோதித்துப் பார்க்கத் தயாரான பெரியவருக்கு இது நல்ல வேலை. வளரும் கணுக்காலுக்கு வேண்டாம்.

### வாங்கிய மோனோஃபின்

ரப்பரிலோ மென்மையான பிளாஸ்டிக்கிலோ செய்தது. பாதக்கூடு மெத்தென்று இருக்கும், வளைவு கணக்காக இருக்கும், முக்கியமாகக் குதிகாலை அசைத்தால் கால் வெளியே வந்துவிடும். குதிகாலைச் சுற்றி பட்டி இறுக்கும் வகையாக இருந்தால், பிள்ளை ஒரு கையாலேயே விடுவிக்க முடிகிறதா என்று தரையிலேயே பாருங்கள். காலணி எண்ணைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். வளரட்டும் என்று பெரிதாக எடுத்தால் தண்ணீரில் கழன்று போகும், இறுக்கமாக எடுத்தால் கால் வராது.

போட்டி நீச்சலுக்கான மோனோஃபின் வேறு ஜாதி. கண்ணாடி இழையில் செய்தது, சுமார் 76 சென்டிமீட்டர் அகலம் வரை போகும், அதற்கென்று வலுத்த தொடை வேண்டும். இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்கி அதை வாங்கிவிட வேண்டாம்.

இந்தத் துடுப்புகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வர வேண்டியிருப்பதால், காட்டும் விலையோடு அனுப்பும் செலவையும் வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் ஒரு ஆறுதல்: துணி இரண்டு வருடத்தில் நைந்தாலும் துடுப்பு நிற்கும். அடுத்த உறையை அதே துடுப்புக்குத் தைத்துக்கொள்ளலாம், அக்காளுக்குப் பத்தாமல் போனது தங்கைக்கு வரும்.

## யார் தைப்பது

நம் வீடுகளில் இருக்கும் பழைய கால்மிதி மெஷின் நேர்த்தையல் மட்டும் போடும். லைக்ராவை நேர்த்தையலில் தைத்தால், இழுக்கும்போது துணி நீளும், நூல் நீளாது, பட்பட்டென்று அறுந்துவிடும். வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையலோ, ஓரத்தைச் சுற்றிப் பின்னும் ஓவர்லாக் தையலோ வேண்டும்.

ஜிக்ஜாக் மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சேலைக்குப் பீக்கோ போட்டுத் தரும் கடையில் இருப்பது ஜிக்ஜாக் மெஷின்தான். பீக்கோவுக்கு நெருக்கமாக வைத்திருப்பதைச் சற்று நீளமாக வைத்துப் போடச் சொன்னால் போதும். லெகிங்ஸ், நைட்டி தைப்பவர்களிடம் ஓவர்லாக் இருக்கும். நீங்கள் வெட்டி, குண்டூசி குத்தி, ஓரத்தைக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் அவர்கள் ஓட்டித் தருவார்கள். முழு வேலையையும் டெய்லரிடம் விட்டால், முன்பின் பார்க்காத உருப்படி என்பதால் தயங்குவார், அல்லது பாவாடைக்கு விடுவது போல் தாராளமாக அளவு விட்டுத் தைத்துவிடுவார்.

ஊசி, முனை மழுங்கிய பால் பாயிண்ட் வகை, 11-ஆம் எண். சாதாரண ஊசி இழையைக் குத்தி ஓட்டை போடும், தையல் விட்டுவிட்டு விழும். நூல் பாலியஸ்டர், பருத்தி நூல் குளோரினில் இற்றுப்போகும். இடுப்புக்கு நீச்சலுடைக்கான ரப்பர் எலாஸ்டிக் கிடைத்தால் அதுதான் சிறந்தது. சாதாரண எலாஸ்டிக் சீக்கிரம் தொளதொளத்துவிடும்.

அளவு எடுப்பதில்தான் பாதி வெற்றி. பிள்ளை துடுப்பை மாட்டிக்கொண்டு, விரலை நீட்டிப் படுக்கட்டும். கீழே பழைய செய்தித்தாளை ஒட்டிவைத்து வெளிக்கோடு வரையுங்கள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து இடுப்பு, பிட்டம், நடுத்தொடை, முழங்கால், கெண்டை, கணுக்கால் என்று சுற்றளவு எடுங்கள். துணி இழுபடும் என்பதால் எடுத்த அளவைவிடக் குறைத்து வெட்ட வேண்டும்: பிட்டம் 70 சென்டிமீட்டர் என்றால் 10 சதவீதம் குறைத்து 63. முன், பின் என்று இரண்டு துண்டு என்பதால் அதில் பாதி 31.5. இருபக்கமும் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் சேர்த்து, ஒரு துண்டின் அகலம் 33.5. முழங்காலில் மட்டும் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள், உதைக்கவே வளையாது. துடுப்பு இருக்கும் இடத்தில் குறைப்பே கூடாது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தளர்வு இருக்கட்டும், இல்லாவிட்டால் துணி இழுத்துத் துடுப்பின் நுனியைச் சுருட்டிவிடும்.

வால் நுனியின் இரண்டு மூலையிலும் ஒரு விரல் நுழையும் அளவு தைக்காமல் விடுங்கள். இடுப்பு வழியாக உள்ளே போகும் தண்ணீருக்கும் காற்றுக்கும் வெளியேற வழி வேண்டும். அதை அடைத்துத் தைத்தால் கரையேறும்போது ஒரு வாளித் தண்ணீரைச் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும்.

துணி எவ்வளவு? 58 அங்குல அகலத் துணியில் சின்னப் பிள்ளைக்கு ஒன்றரை மீட்டர் போதும், இரண்டு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கும். பெரியவருக்கு அகலமான துடுப்பென்றால் அடங்காது, நீளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். துணியை மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் தலைகீழாக வைத்து வெட்டலாம் என்று தோன்றும். செதில் கவிழ்ந்துபோகும், பளபளப்பும் முன்பக்கம் ஒரு மாதிரி பின்பக்கம் ஒரு மாதிரி தெரியும்.

## ஜிப் வைக்கலாமா

எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. துடுப்பை உள்ளே நுழைக்க வால் நுனியின் அடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஜிப் வைப்பதில் தவறே இல்லை. ஆபத்தில் அதைத் தொட வேண்டிய தேவை வராது; கால் மேல்வழியாக உருவி வெளியே வரும், துடுப்பு வாலுக்குள்ளேயே இருந்துவிடும். இடுப்பிலிருந்து இறங்கும் ஜிப் வேறு கதை. போடும்போது வசதி, கழற்றும்போது துணி பல்லில் சிக்கினால் தீர்ந்தது. உப்புத் தண்ணீரில் உலோக ஜிப் துரு ஏறி இறுகிவிடும். அதனால் இடுப்பில் எலாஸ்டிக் மட்டும் போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | கழற்றுவது | தள்ளு விசை | ஆயுள் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| அடி திறந்த துணி வால் | மிக எளிது | இல்லை | துணி இருக்கும் வரை | ஏறக்குறைய இல்லை |
| தைத்த உறை + ஃபிளிப்பர் | எளிது | சுமார் | உறை நுனி சீக்கிரம் தேயும் | கிழிந்த நுனிக்கு ஒட்டு |
| தைத்த உறை + வெட்டிய தகடு | செய்பவர் கையைப் பொறுத்தது | தகட்டின் கனத்தைப் பொறுத்தது | போல்ட்டும் விளிம்பும் பராமரிக்கும் வரை | கருவிகள், வீணாகும் தகடு, கணுக்கால் |
| தைத்த உறை + வாங்கிய மோனோஃபின் | எளிது | நன்று | துடுப்பு பல வருடம், உறை மாற்றலாம் | அனுப்பும் செலவு, வரி, தையல் கூலி |
| ரெடிமேட் செட் | பெரும்பாலும் எளிது | நன்று | துணித் தரத்தைப் பொறுத்தது | அளவு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் தலைவலி |

## எப்போது எது

ரெடிமேட் செட்டைப் பற்றி நான் தனியாக எழுதாததற்குக் காரணம், அதில் எடைபோட அதிகம் இல்லை. நேரம் இல்லை, தைக்க ஆள் இல்லை, பிள்ளையின் உடல்வாகு அளவு அட்டவணைக்குள் ஒழுங்காக அடங்குகிறது என்றால் வாங்கிவிடுங்கள். உள்ளே துடுப்பு உண்டா என்று மட்டும் விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். படத்தில் துடுப்பு நிமிர்ந்து நிற்கும், பெட்டியில் துணி மட்டும் வரும் வகையும் விற்கிறார்கள்.

இடுப்புக்கும் தொடைக்கும் அளவு வித்தியாசம் அதிகம் உள்ளவர்கள், பருமனானவர்கள், உயரமான பெரியவர்கள் தைத்துக்கொள்வதே நல்லது. ரெடிமேடில் அவர்களுக்கு எங்கேயாவது இறுக்கும், எங்கேயாவது தொங்கும். அக்கா தங்கை இருவருக்கும் வேண்டும் என்றாலும் தையல்தான் லாபம்: பாதக்கூடு இருவருக்கும் பொருந்தினால் ஒரு துடுப்பு, இரண்டு உறை, முறைவைத்து நீந்தட்டும். ஒருவர் நீந்தும்போது மற்றவர் கரையில் இருப்பது எப்படியும் நல்லதுதான்.

பிள்ளை வால் இல்லாமல் 25 மீட்டரை நிற்காமல் நீந்துகிறதா, மல்லாந்து மிதக்கத் தெரிகிறதா, முகம் தண்ணீரில் இருந்தாலும் பதறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அடி திறந்த வால் மட்டும், அதுவும் படிக்கட்டில். முடிகிறது என்றால் முதல் நாள் மார்பளவுத் தண்ணீரில், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, நீந்துவதற்கு முன் கழற்றிப் பழகட்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரிந்த பிறகு நீச்சல்.

பெரியவர்களுக்கு: இடுப்பிலிருந்து அலை எழுப்பும் டால்ஃபின் உதை ஏற்கெனவே தெரியும் என்றால், நேராகத் தைத்த உறையும் நல்ல மோனோஃபினும். எஸ்எஸ்ஐ போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகள் கடல்கன்னி நீச்சலுக்கென்றே தனிப் பாடம் வைத்திருக்கின்றன. அதில் சேரப்போகிறீர்கள் என்றால் பயிற்சி மையத்திலேயே இரவல் துடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். சில வகைகளைக் காலில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம், உறையை அதன் பிறகு வெட்டலாம். வீடியோவுக்காக அடியில் அதிக நேரம் இருக்க ஆசைப்பட்டு, முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது உடம்பில் கரியமில வாயுவைக் குறைத்துவிடுவதால் மூச்சு முட்டும் உணர்வே வராது. ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். கால் கட்டிய நிலையில் தனியாக முங்கவே கூடாது.

வால் எதுவானாலும் நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், துடுப்பை வெளியே எடுத்து இரண்டையும் நிழலில் தனித்தனியாக உலர்த்துங்கள். துடுப்பை உள்ளேயே விட்டுச் சுருட்டி வைத்தால் பாதக்கூட்டில் பூஞ்சை பிடிக்கும், துணியிலும் அந்த நாற்றம் ஏறிவிடும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.